இருபத்தேழு

நிலையம் என்று பலகை பிறகுதான் வந்தது.
முதலில் அது கிண்டிக் காட்டுக்குள் ஒரு பம்புசெட்டு அறை.
மோட்டாரைக் கழற்றிப் போன இடத்தில்
நான்கு போல்ட்டுகள் தரையில் நீட்டிக்கொண்டிருக்க
அவற்றின் மேல் ஒரு கதவைப் படுக்கவைத்து
மேஜை என்றார் ஹென்றி சற்குணம் சார்.
கதவு போன வாசலில் கோணி தொங்கியது.
நான் ஜன்னல் திட்டில் டைப்ரைட்டரை வைத்து
மூன்று மாதம் நின்றுகொண்டே அடித்தேன்.

எமர்ஜென்சி முடிந்த வருஷம்.
சைதாப்பேட்டையிலிருந்து நடந்தே வருவேன்
ஹையர் பாஸ் செய்த விரல்களோடு.
மான் என்றால் எனக்குத் தீப்பெட்டிப் படம்.

சாங்ஷன் ஆகி வந்த பைனாகுலரில்
இடது கண்ணில் பூஞ்சை.
ஆகவே முதல் இரண்டு வருஷம்
அறிவியல் இந்தக் காட்டை
வலது கண்ணால் பார்த்தது.

வாட்சர் எல்லப்பன் பொறுக்கி வரும் புழுக்கைகளைக்
கூரைமேல் செய்தித்தாள் விரித்துக் காயவைப்போம்.
காக்கை வந்து கலைத்துவிட்டால்
சார் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிடுவார்.
எல்லப்பன் ஒவ்வொன்றாய் உருட்டிப் பார்த்து
இது புள்ளி, இது வெளிமான்,
இது நேற்று தண்ணீர் கிடைக்காத வெளிமான் என்பார்.
அறிக்கையில் அவர் பெயர்
"மற்றும் உதவியாளர் ஒருவர்".
அடித்தது நான்தான், தெரியும்.

மூன்றாவது கணக்கெடுப்பு ஒரு மார்ச் ஞாயிறு.
போலோ மைதானத்துப் புல்லில்
ஆறு பேர் ஆறு மூலையில்.
மீனம்பாக்கத்துக்கு இறங்கும் விமானம் ஒவ்வொன்றும்
மந்தையைக் கலைத்துப்போடும்.
மறுபடி முதலிலிருந்து.
முறுக்குக் கொம்பு, கொம்பில்லாதது, குட்டி.
ஒன்பது மணிக்கு எண் கிடைத்தது:
இருநூற்று நாற்பத்தொன்று.
எல்லோருக்கும் சார் செலவில் பன் பட்டர் ஜாம்.

அந்த ரெமிங்டனில் ஒன்றுக்குச் சாவி கிடையாது.
ஆங்கிலச் சின்ன எல்தான் ஒன்று.
அது வலது மோதிர விரலுக்கு அடியிலேயே இருக்கும்.
நான்கோ மேல் வரிசையில்.
இடது கை இரண்டை அடித்துவிட்டு
நான்குக்குத் தாவும் அந்த நொடி
வலது விரல் காத்திருக்கவில்லை.

இருநூற்றுப் பதினான்கு.
நான்கு கார்பன் பிரதிகள்.

அந்த வாரம் சாருக்கு மாற்றல், டேராடூன்.
களக்குறிப்பு நோட்டைக் கரையான் தின்றது.
அடுத்த வருஷம் எண் மறுபடி ஏறிவிட்டது.
வரைபடத்தில் ஒரு பள்ளம் மட்டும் நின்றது.

பள்ளம் இருந்தால் ஆட்கள் எட்டிப் பார்ப்பார்கள்.
ஒருவர் வறட்சி என்று எழுதினார்.
ஒருவர் சுவர் ஏறி வந்த தெருநாய்கள் என்றார்.
குட்டிகளை நரி தூக்கியதாக
நாற்பது பக்கம் வந்தது, மேற்கோள்களோடு.
எல்லாவற்றையும் நானே டைப் செய்தேன்.
பிழையில்லாமல்.

போன மாதம் ரிஃபாத் என்ற பெண் வந்தாள்.
நிலையத்தின் தொடக்க வரலாறு எழுதுகிறாளாம்.
போனை மேஜையில் வைத்து, ரெக்கார்டிங் அழுத்தி,
"அந்த வருஷம் என்னதான் நடந்தது, மேடம்?"

சொன்னேன். மேஜை விளிம்பில் விரல் வைத்து
அடித்தும் காட்டினேன்.
சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.
அவளுடைய மூன்றாவது அத்தியாயம் அந்தப் பள்ளம்.

ஒன்றை மட்டும் அவளிடம் சொல்லவில்லை.

அறிக்கை கட்டாகி வந்த நாள்
எல்லப்பன் அட்டையைத் துடைத்துத் திறந்தார்.
இங்கிலீஷ் தெரியாது, எண் தெரியும்.
பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு
வெகுநேரம் நின்றார்.
"இருபத்தேழு உருப்படி எங்கம்மா போச்சு?
இப்பத்தானே பார்த்துட்டு வர்றேன்,
அங்கேதான் மேயுது."

எனக்கு ஐந்து இருபது யூனிட்டைப் பிடிக்க வேண்டும்.
பையைத் தோளில் மாட்டிக்கொண்டே சொன்னேன்,
"டைப் ஆயிடுச்சு எல்லப்பன். விடுங்க."